பனாமாவிலிருந்து கடம்பூர் எவ்வளவு தூரம்?

கோவில்பட்டிக்கும் மணியாச்சிக்கும் இடையே ரயிலில் போகிறவர்களுக்குக் கடம்பூர் என்றதும் போளி நினைவுக்கு வரும். அந்த ஊரைப் பற்றி இன்னொரு செய்தியையும் மாணவ நண்பர்கள் தெரிந்துகொள்ளலாம். கடம்பூர் ஏறக்குறைய 9 பாகை வட அட்சரேகையின் மீதே அமைந்திருக்கிறது. அதே அட்சரேகையைப் பிடித்துக்கொண்டு பூமியின் மறுபுறம் வரை போனால், அங்கே கால்வாய்க்குப் பேர்போன பனாமா நகரம் இருக்கிறது. இந்த ஒற்றுமை வெறும் தற்செயல்தான். ஆனாலும் எங்கள் தெருவில் ஒரு குடும்பத்தை இது இரண்டு நாள் அலைக்கழித்தது. அதில் என் பங்கும் உண்டு.

பத்தாம் வகுப்பு படிக்கும் மாணவன் ஒருவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பள்ளிக்கூட அட்லஸும் அடிக்கோலுமாக என் வீட்டுக்கு வந்தான். அவனுடைய அண்ணன் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறான். அவர்களுடைய தகப்பனார் நோயில் விழுந்து பல நாள் ஆகியிருந்தது. நிலைமை மோசமாகவே, கப்பல் பனாமாவைத் தொட்டதும் அண்ணனை இறக்கி விமானத்தில் அனுப்ப ஏற்பாடு ஆகியிருந்தது.

"சார், எங்க அண்ணனை ஏமாத்திட்டாங்க" என்றான் பையன்.

அட்லஸை விரித்தான். 9 பாகைக் கோட்டின் மேல் பென்சிலால் கோடு இழுத்திருந்தான். பனாமாவில் கிளம்பிய கோடு தென் அமெரிக்காவின் வடமுனையை உரசி, அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து, ஆப்பிரிக்காவை ஊடுருவி, அரபிக் கடல் வழியாக நேரே கடம்பூருக்கு வந்து சேர்ந்தது.

"ரெண்டு ஊரும் ஒரே கோட்டுல இருக்கு பாருங்க. நேரா வந்தா இதான் வழி. இவங்க என்னடான்னா ஆம்ஸ்டர்டாமுக்குக் கூட்டிட்டுப் போயி, அங்கருந்து டெல்லிக்குக் கொண்டாந்து, பெறகு சென்னை, தூத்துக்குடின்னு சுத்திச் சுத்தி வாறாங்க. அப்பா இருக்கிற இருப்புல..." மேலே அவனால் சொல்ல முடியவில்லை.

அவனுடைய கோபம் நியாயமானது. ஆனால் கணக்கு தவறு. எங்கே தவறு என்பதை அவனுக்குச் சொன்ன வரிசையிலேயே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் நமக்குப் பழக்கமான தூரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எழும்பூரிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் பாதை சுமார் 650 கிலோமீட்டர் நீளம். விழுப்புரம், திருச்சி, மதுரை என்று ஊர்களைத் தேடித் தேடிப் போவதால் அந்தப் பாதை வளைகிறது. நம் கரிசல் காட்டிலும் இதே கதைதான். கோடையில் அறுவடை முடிந்து காடு வெறுமையாகக் கிடக்கும்போது அடுத்த ஊருக்குக் குறுக்கே ஒற்றையடிப் பாதையில் விறுவிறுவென்று போய்விடலாம். ஐப்பசி மழை விழுந்துவிட்டாலோ கரிசல் மண் காலோடு அப்பிக்கொண்டு ஓர் அடி எடுத்துவைக்க விடாது. சாலையைச் சுற்றித்தான் போகவேண்டும். விமானத்துக்கு மண்ணின் தொல்லை இல்லை. ஆகவே அது போகும் குறுக்குத் தூரத்தைக் காண இரு ஊர்களின் அட்ச, தீர்க்க அளவுகள் தெரிந்தால் போதும்.

தூத்துக்குடி விமான நிலையம் வாகைக்குளத்தில் 8.72 பாகை வடக்கு, 78.03 பாகை கிழக்கு என்ற இடத்தில் இருக்கிறது. சென்னை விமான நிலையம் 12.98 வடக்கு, 80.16 கிழக்கு. அட்ச வித்தியாசம் 4.26 பாகை, தீர்க்க வித்தியாசம் 2.13 பாகை. பூமியின் சுற்றளவை 360-ஆல் வகுத்தால் ஒரு பாகைக்குச் சுமார் 111.2 கிலோமீட்டர் கிடைக்கும். ஆகவே வடக்கு நோக்கிய தூரம் 4.26 × 111.2 = 474 கிலோமீட்டர்.

கிழக்கு நோக்கிய தூரத்துக்கு மட்டும் ஒரு திருத்தம் வேண்டும். தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப்போக நெருங்கி வருபவை. எனவே அட்ச அளவின் கோசைனால் பெருக்கிக்கொள்ள வேண்டும். இரு ஊர்களுக்கும் நடு அட்சம் 10.85 பாகை, அதன் கோசைன் 0.982. ஆகவே 2.13 × 111.2 × 0.982 = 233 கிலோமீட்டர். இனி நீங்கள் அறிந்த பிதாகரஸ் தேற்றம்தான். 474-ன் வர்க்கத்தையும் 233-ன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் கண்டால் விடை சுமார் 528 கிலோமீட்டர். ரயில் பாதையைவிட 120 கிலோமீட்டருக்கு மேல் குறைவு.

இங்கே சற்று நின்று ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். ஓர் ஊர் எத்தனையாவது பாகையில் இருக்கிறது என்று நமக்கு எப்படித் தெரிந்தது? இன்று கைப்பேசியே செயற்கைக்கோள்களைக் கேட்டுச் சொல்லிவிடுகிறது. ஆனால் இந்த அளவுகளின் அஸ்திவாரம் நம் மண்ணில் மனிதர்கள் சங்கிலி பிடித்துப் போட்டது. 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியைச் சுமார் 400 முறை நீட்டிப் போட்டு, ஏழரை மைல் தூரத்தை அளந்து முடிக்க 57 நாள் ஆயிற்று. வெயிலில் எஃகு நீளுமே என்று வெப்பநிலையையும் கூடவே குறித்துக்கொண்டார்கள். அந்த ஒரு கோட்டை வைத்துக்கொண்டு, இனிச் சங்கிலியே இல்லாமல், கோணங்களை மட்டும் அளந்து முக்கோணம் முக்கோணமாக நாடு முழுவதையும் கட்டிவிடலாம் என்பது திட்டம்.

கோணம் அளந்த கருவி தியோடலைட். அரை டன் எடை! நம் சமவெளியில் குன்றுகள் குறைவு. எனவே கோவில் கோபுரங்களின் மேல் அதை ஏற்றினார்கள். 1808-இல் தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி கோபுரத்தில் மோதி நசுங்கியது. லாம்டன் அதைத் தட்டி நிமிர்த்திச் செப்பனிட்டு மறுபடி வேலையைத் தொடர்ந்தார். அவருடைய பெரும் அளவைக்கோடு தெற்கே குமரிமுனைப் பக்கம் தொடங்கி, ஏறக்குறைய 78-வது தீர்க்கரேகையை ஒட்டி இமயமலை அடிவாரம் வரை போயிற்று. அவர் 1823-இல் காலமான பின் ஜார்ஜ் எவரெஸ்ட் அதைத் தொடர்ந்தார். கோவில்பட்டியும் கடம்பூரும் 77.9 பாகைக்கு அருகில் இருப்பவை என்பதை நினைவில் கொண்டால், பூமியின் உருவத்தை அளந்த கோடு நம் வாசல் பக்கமாகவே போயிருக்கிறது என்பது விளங்கும். பாடப்புத்தகங்கள் இதை எவரெஸ்டோடு முடித்துக்கொள்வதில் எனக்கு எப்போதுமே சிறிய வருத்தம் உண்டு.

இனிப் பையனின் அட்லஸுக்கு வருவோம்.

தூத்துக்குடி, சென்னை போன்ற அருகாமை ஊர்களுக்குப் பூமியைத் தட்டையாக எண்ணிக்கொண்டு பிதாகரஸைக் கூப்பிடலாம். பனாமாவுக்கு அது நடக்காது. ஏன்? போளி தட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். பூரணம் வைத்த மாவு உருண்டையின் மேல் இங்கொன்றும் அங்கொன்றுமாக மூன்று நான்கு எள்ளைப் பதித்துவிட்டு, அதை இலையில் வைத்துத் தட்டுங்கள். எள்ளுக்கும் எள்ளுக்கும் உள்ள தூரம் எல்லா இடத்திலும் ஒரே அளவாகவா விரியும்? நடுவில் ஒரு விதமாகவும் ஓரத்தில் வேறு விதமாகவும் விரியும். உருண்டையான பூமியைத் தட்டையான தாளுக்குக் கொண்டுவரும் எந்தப் படமும் இப்படித் தட்டிய போளிதான். அதன் மேல் அடிக்கோல் வைத்து இழுக்கும் நேர்கோடு, உருண்டையின் மேல் நேர் வழியாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழி எது? ஒரு வளையலையும் ஒரு மாட்டுவண்டிச் சக்கரத்தையும் எண்ணிப் பாருங்கள். நான்கு விரற்கடை இடைவெளியுள்ள இரு புள்ளிகளை வளையலின் விளிம்பு வழியாக இணைத்தால் வில் நன்றாகப் புடைத்து நிற்கும். அதே இரு புள்ளிகளைச் சக்கரத்தின் விளிம்பு வழியாக இணைத்தால் வில் ஏறக்குறைய நேர்கோடாகவே இருக்கும். வட்டம் பெரிதாக ஆக, இரு புள்ளிகளுக்கு இடையே உள்ள வில் குறுகும். பூமியின் மேல் வரையக்கூடிய மிகப் பெரிய வட்டம், பூமியின் மையத்தையே தன் மையமாகக் கொண்ட வட்டம். அதைப் பெருவட்டம் என்பார்கள். பூமத்திய ரேகை ஒரு பெருவட்டம். தீர்க்கரேகைகள் பெருவட்டத்தின் பாதிகள். ஆனால் 9 பாகை அட்சரேகை பெருவட்டம் அன்று. அதன் மையம் பூமியின் மையத்துக்கு வடக்கே விலகி இருக்கிறது.

கல்லூரியிலிருந்து எடுத்துவந்திருந்த பூகோள உருண்டையைப் பையனிடம் கொடுத்து, கடம்பூரில் நூலின் ஒரு நுனியை வைத்து, மறுநுனியைப் பனாமாவில் இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். நூல் ஆப்பிரிக்காவின் நடுவே நிற்க மறுத்தது. அவன் அதை 9 பாகைக் கோட்டில் வைத்து அழுத்துவான். விரலை எடுத்ததும் நூல் வடக்கே வழுக்கிப் போய்த் தளர்ந்து தொங்கும். தளர்ச்சியை இழுத்து விறைப்பாக்கியபோது அது போய் நின்ற இடத்தைப் பார்த்து அவன் வாயடைத்துப் போனான். ஐரோப்பா!

உங்களிடம் உருண்டை இல்லாவிட்டால் கால்பந்து போதும். பந்தும் இல்லாதவர்களுக்குச் சூத்திரம் இருக்கிறது. இரு ஊர்களுக்கும் இடையே பூமியின் மையத்தில் உண்டாகும் கோணம் "கோ" என்க. முதல் ஊரின் அட்சம் அ, இரண்டாம் ஊரின் அட்சம் ஆ, தீர்க்க வித்தியாசம் தீ எனில்,

கோசைன் கோ = சைன் அ × சைன் ஆ + கோசைன் அ × கோசைன் ஆ × கோசைன் தீ

கடம்பூர் 77.9 பாகை கிழக்கு, பனாமா 79.5 பாகை மேற்கு. கிழக்கும் மேற்கும் எதிரெதிர்த் திசைகள் ஆதலால் கூட்டவேண்டும்; தீ = 157.4. இது விரிகோணம். இதன் கோசைன், 180-இலிருந்து கழித்து வரும் 22.6 பாகையின் கோசைனே. ஆனால் குறி எதிர்க்குறி: –0.9232. சைன் 9 = 0.1564, கோசைன் 9 = 0.9877. இவற்றைச் சூத்திரத்தில் இட்டால் 0.0245 – 0.9006 = –0.8761. இந்தக் கோசைனுக்கு உரிய கோணம் 151.2 பாகை. 111.2-ஆல் பெருக்கினால் சுமார் 16,810 கிலோமீட்டர்.

பையன் கோடு இழுத்த 9 பாகை வழியே வந்தால்? 157.4 × 111.2 × 0.9877. விடை சுமார் 17,290 கிலோமீட்டர். 480 கிலோமீட்டர் கூடுதல். தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குப் பறக்கும் தூரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு.

தூரத்தில் இருக்கும் வித்தியாசத்தைவிடப் பாதையில் இருக்கும் வித்தியாசம்தான் வேடிக்கையானது. குறுக்கு வழி கடம்பூரிலிருந்து மேற்கே கிளம்பவே இல்லை. ஏறக்குறைய வடமேற்கு மூலையைப் பார்த்துக் கிளம்புகிறது. கொச்சிப் பக்கமாகக் கடலில் இறங்கி, ஓமானின் கிழக்குக் கரையைத் தொட்டு, அரேபியப் பாலைவனத்தைக் கடந்து, லெபனான் கரையில் மத்தியதரைக் கடலை அடைந்து, சிசிலித் தீவின் எட்னா எரிமலை அருகே போய், ஸ்பெயினில் வலென்சியா பக்கம் 39 பாகை வடக்கு என்ற உச்சத்தை எட்டுகிறது. பிறகு லிஸ்பன் நகருக்கு அருகே அட்லாண்டிக்கில் இறங்கி, போர்ட்டோ ரிகோ தீவை ஒட்டித் தென்மேற்காகச் சரிந்து பனாமாவை அடைகிறது. ஒரே அட்சத்தில் இருக்கும் இரண்டு ஊர்களுக்கு நடுவே வழி 30 பாகை வடக்கே ஏறி இறங்குகிறது! காரணம், பனாமா கடம்பூருக்கு ஏறக்குறைய மறுபக்கத்தில் இருப்பதுதான். மிகச் சரியாக மறுபக்கத்தில் இருந்திருந்தால் எந்தத் திசையில் கிளம்பினாலும் தூரம் ஒன்றாகவே இருந்திருக்கும்.

இப்போது அண்ணனின் பயணச்சீட்டைப் பார்ப்போம். பனாமா முதல் ஆம்ஸ்டர்டாம் 8,810. ஆம்ஸ்டர்டாம் முதல் டெல்லி 6,360. டெல்லி முதல் சென்னை 1,760. சென்னை முதல் தூத்துக்குடி 528. எல்லாம் இதே சூத்திரத்தில் வந்தவை. கூட்டினால் ஏறக்குறைய 17,460 கிலோமீட்டர். மிகக் குறுகிய வழியைவிட 650 கிலோமீட்டர்தான் அதிகம். பையனின் நேர்கோட்டைவிடவோ 170 கிலோமீட்டர் மட்டுமே அதிகம். நாலு இடத்தில் இறங்கி ஏறும் வழி இவ்வளவு நெருங்கி வருகிறதென்றால், யாரும் யாரையும் ஏமாற்றவில்லை என்பது தெளிவு.

பையன் முகம் தெளிந்தது. "அப்ப எத்தனை மணிக்கு சார் வருவான்?" என்றான்.

இங்கேதான் நான் தவறு செய்தேன். கணக்கு சரியாக வந்த உற்சாகத்தில், பெரிய ஜெட் விமானத்தின் வேகம் மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வைத்து 16,810-ஐ வகுத்து, "சுமார் 19 மணி நேரம்" என்று சொல்லிவிட்டேன். விமானம் திங்கள் மாலை 6 மணிக்குக் கிளம்புகிறது. வீட்டார் அதோடு 19-ஐக் கூட்டி, செவ்வாய் பிற்பகல் ஒரு மணி என்று முடிவு கட்டிவிட்டார்கள். அன்று நண்பகலிலிருந்தே அந்த அம்மாள் வாசலில் நின்றார். தெருவில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் உள்ளே படுத்திருந்தவர், "வந்துட்டானா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாராம். இரவு எட்டு மணிக்குப் பையன் என்னிடம் ஓடிவந்தான்.

நான் விட்டது என்னென்ன? பனாமாவில் மாலை 6 மணி என்றால் நமக்கு மறுநாள் அதிகாலை 4.30. இரு கடிகாரங்களுக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம். பூமி ஒரு மணிக்கு 15 பாகை சுழல்கிறது என்பதை வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லிக் கொடுப்பவன் நான். அன்று சொல்ல மறந்தேன். அடுத்தது, விமானம் பறப்பது வேறு, பயணி போய்ச்சேருவது வேறு. வானில் இருந்த நேரம் நான்கு பயணங்களுக்கும் சேர்த்துச் சுமார் 22 மணி. மிச்சமெல்லாம் காத்திருப்பும் சோதனைகளும் வாகைக்குளத்திலிருந்து கார்ப் பயணமும். அவன் புதன்கிழமை மாலை விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தான். நம் கடிகாரப்படி 38 மணி நேரம். நல்லவேளை, தகப்பனார் மகனைப் பார்த்தார், பேசினார். அதற்கு மேல் ஒன்பது நாள் இருந்தார்.

காற்றையும் நான் கணக்கில் சேர்க்கவில்லை. வான உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகமாக ஓடும் காற்றாறு ஒன்று உண்டு. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு அட்லாண்டிக் வழியை விட்டு, பசிபிக் சமுத்திரத்தின் மேல் கிழக்கு நோக்கிப் பறந்தது. தூரம் 1,400 கிலோமீட்டர் கூடியும், காற்று பின்னாலிருந்து தள்ளியதால் நேரம் குறைந்தது. அரசியலும் வழியை வளைக்கும். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது, டெல்லியிலிருந்து மேற்கே போகும் நம் விமானங்கள் தெற்கே இறங்கி அரபிக் கடலின் மேல் சுற்றிப் போக நேர்ந்தது. ஐப்பசிக் கரிசலைப் போல வானத்திலும் சில காடுகளில் கால் வைக்க முடியாது.

பூமி சரியான உருண்டையும் அன்று. மையத்திலிருந்து பூமத்திய ரேகைக்கு 6,378 கிலோமீட்டர், துருவத்துக்கு 6,357. இதனால் நம் சூத்திரத்தில் அதிகம் போனால் நூற்றுக்கு அரைப் பங்கு பிழை வரும். பள்ளிக் கணக்குக்கு அது பாதகமில்லை. தூத்துக்குடி முதல் சென்னைக் கணக்கில் இரண்டு கிலோமீட்டர் குறையும், அவ்வளவுதான்.

அண்ணன் மறுபடி கப்பலேறிவிட்டான். சில மாதம் கழித்து, பிரேசில் நாட்டில் சாண்டோஸ் துறைமுகத்தில் இருப்பதாகச் செய்தி வந்ததும் பையன் தானாகவே கணக்குப் போட்டுக் கொண்டுவந்தான். சாண்டோஸ் 24 பாகை தெற்கு, 46.3 பாகை மேற்கு. அவன் கண்ட விடை 12,940 கிலோமீட்டர். தீர்க்கத்தைச் சரியாகக் கூட்டியிருந்தான். விரிகோணத்தின் எதிர்க்குறியையும் விடவில்லை. தென் அட்சத்துக்கும் எதிர்க்குறி இடவேண்டும் என்பதைத்தான் மறந்திருந்தான். அந்த இடத்தைச் சுற்றி வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். திண்ணையில் உட்கார்ந்து மறுபடி போட்டான். இப்போது 13,880 வந்தது. பக்கத்தில் சிறிய எழுத்தில், "இது தூரம் மட்டும், நேரம் அல்ல" என்று எழுதியிருந்தான்.